நாலு கண் அடுப்பும் வால் மூலைத் தோசையும்

போடி கடைத்தெருவில் இப்போது பித்தளை அடுப்பு விற்கிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி, பம்பை அடித்து, ஊசியால் குத்தி எரிக்கிற அடுப்பு. கடைக்காரர் அதைத் தேய்த்துப் பளபளவென்று வாசலில் வைத்திருக்கிறார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். என் தங்கை மகள் செல்லத்தாயின் புருஷனும் நின்று பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். வாசகசாலையில் இளவட்டங்கள் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்களாம். "மாமா, நீங்க தொரை வீட்டுக் குசினியிலயே ஆயுசக் கழிச்ச ஆளு. வீட்டுக்கு எந்த அடுப்பு தோதுன்னு எழுதிக் குடுங்க. பத்திரிகையில போட்டா நாலு பேருக்கு உதவும்" என்றான்.

எழுதுகிறேன். ஆனால் எனக்கு நயமாக எழுத வராது. படித்தது கொஞ்சம். எழுதியதில் பிடிக்காதது இருந்தால் கிழித்துப் போடட்டும்.

நம் ஊர் மண் அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. களிமண்ணில் உமியைப் போட்டுப் பிசைந்து எவள் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு கொடி அடுப்பு வைத்துவிட்டால் பெரிய அடுப்பில் சோறு வேகும்போதே கொடியில் குழம்பு கொதிக்கும். ஒரு விறகில் இரண்டு சட்டி. பருத்திமார், சோளத்தட்டை, எருவாட்டி, கருவேலங்கட்டை, எதைத் தள்ளினாலும் எரியும். புகை மட்டும் போக வழி தெரியாமல் பெண்களின் கண்ணுக்குள் போகும். அதை அடுப்பின் குறை என்று எந்த ஆம்பிளையும் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்டாட்டி கண்ணைக் கசக்கினால் அது அவள் குறை.

கரியடுப்புக்குப் புகை கிடையாது. காபி போடலாம், பால் காய்ச்சலாம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு எரித்தால் ஆள் தூக்கத்திலேயே போய்விடுவான். மலையில் குளிருக்குப் பயந்து அப்படிப் போனவர்களை நான் தூக்கியிருக்கிறேன். படிக்கிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். உமியடுப்பு வேறு மாதிரி. நடுவில் உருட்டுக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இடித்து நிரப்பி, கட்டையை உருவிவிட்டு அடியில் தீ வைக்க வேண்டும். நின்று நிதானமாக எரியும். பயறு வேகவைக்க நல்லது. ஆனால் தீயைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அது எரிந்து முடியும் வரைக்கும் நீங்கள்தான் அதற்கு அடங்கி நடக்க வேண்டும்.

இனி இரும்படுப்பு. அதைப் பற்றித்தான் மாப்பிள்ளை கேட்க வந்தான். இந்த ஊரில் அதைத் தினமும் தொட்டு வேலை செய்தவர்கள் என்னைத் தவிர அதிகம் பேர் உயிரோடு இல்லை.

நான் தொழில் படித்தது கொடைக்கானலில், ஒரு பட்லரிடம். ரொட்டி, சூப்பு, புட்டிங்கு எல்லாம் அங்கேதான் கற்றேன். ரொட்டி கருகிய ஒரு நாள் அவர் கரண்டியால் என் வாயில் அடித்தார். முன்பல் ஒன்று போயிற்று. படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அங்கிருந்து போடிமெட்டுக்கு மேலே ஏலமலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு வந்தேன். அந்தக் காலத்தில் அடிவாரத்து முந்தலிலிருந்து மெட்டு ஏறுவதென்றால் நடைதான். சாமான் எல்லாம் பொதிமாட்டின் முதுகில் போகும். மலைக்குப் போகிறவனுக்கு அப்போது பெண் கொடுக்க மாட்டார்கள். காய்ச்சலில் போய்விடுவான் என்று பயம். எனக்கும் கொடுக்கவில்லை. நானும் இரண்டு இடத்துக்கு மேல் கேட்கவில்லை.

பங்களாவில் துரையும் நானும்தான். கூட்டிப் பெருக்குகிறவர்கள் வேலை முடிந்ததும் லைனுக்குப் போய்விடுவார்கள். லைன் என்றால் கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். பங்களாவிலிருந்து ஒரு சரிவு இறங்க வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் அந்த லைன் கண்ணுக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் மேலே வரும். அது எனக்குப் பிடிக்காது. யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு தண்டனை.

துரை பேச மாட்டார். நீண்ட மேசையின் ஒரு முனையில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். மணி அடிக்க மாட்டார், கூப்பிட மாட்டார். கரண்டியால் கோப்பை விளிம்பில் தட்டுவார். ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த பதார்த்தம். இரண்டு தட்டினால் வெந்நீர். தட்டாமல் கரண்டியைக் குப்புற வைத்துவிட்டால் சாப்பாடு சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்கு முழுக்க நான் என்ன தப்புச் செய்தேன் என்று நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அவர் பேசிய கொஞ்சம் தமிழும் கூலிகளிடம் கற்றது. அதில் 'நீங்க' கிடையாது. சனிக்கிழமைதோறும் குசினிக்கு வந்து வெள்ளைக் கைக்குட்டையால் அடுப்பின் மேலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கைக்குட்டை கறுத்தால் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். துவைத்து வைக்க வேண்டும்.

அந்த அடுப்பை அவர் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். துண்டு துண்டாகப் பிரித்து, சாக்குச் சுற்றி, பொதிமாடுகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வந்து இறங்கிய அன்று நான் மளிகை வாங்கப் போடிக்கு இறங்கியிருந்தேன். திரும்பிப் போனபோது போடிக் கொத்தனார் ஒருவர் அதைச் சேர்த்துவைத்து முடித்திருந்தார். அவரும் அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. புகைக்குழாய் அடுப்பிலிருந்து கிளம்புகிற இடத்தில் கீற்றுப் போல ஒரு வாய் திறந்து இருந்ததாம். வார்ப்பில் விழுந்த பிசகு என்று நினைத்துச் சுண்ணாம்புக் காரை வைத்து அடைத்துவிட்டார். அதைப் பெருமையாக வேறு என்னிடம் சொன்னார்.

மேலே நாலு கண். பக்கத்தில் ரொட்டி சுடும் பெட்டி. இன்னொரு பக்கம் வெந்நீர்த் தொட்டி. ஒரே ஒரு வாய்க்கு நாலு கண் அடுப்பு. விடிவதற்கு முன்பே சாம்பலை உதறி, தகடுகளைக் கருமையிட்டுத் தேய்த்து, காய்ந்த காப்பிக் கம்புகளை அடுக்கி, அதன் மேல் பிளந்த கட்டையைக் குறுக்கே வைத்துப் பற்றவைக்க வேண்டும். மழைக்காலத்தில் அடுத்த நாள் விறகை அடுப்பின் பின்னாலேயே அடுக்கி உலர்த்த வேண்டும். இத்தனையும் செய்தால், அடுப்பு ஓவென்று கத்தும். கத்துவது என்றால் கத்துவதுதான். தீ மொத்தமும் குழாய்க்குள் பாய்ந்து வானத்துக்குப் போகும். மேல் தகடு வெதுவெதுப்பாகவே இருக்கும். ரொட்டிக்கு அடி கருகும், தலை வேகாது. விறகு எத்தனை போட்டாலும் போதாது. ஆடிக் காற்று மெட்டைத் தாண்டி வீசும்போது புகை குழாய் வழியாகத் திரும்பி வந்து குசினியை நிறைக்கும். நான் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டாத நாள் கிடையாது. அதுவும் கத்தும், நானும் கத்துவேன். மேசையில் துரை கரண்டியைக் குப்புற வைப்பார்.

ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை புகை தாங்காமல் இருமிக்கொண்டே வெளியே வந்து, நடந்து, லைன் வரைக்கும் இறங்கிவிட்டேன். கடைசி வீட்டில் பொதிமாடு ஓட்டுகிற சடையன் குடியிருந்தான். அவன் பெண்டாட்டி விருமாயி வாசலில் மூன்று கல் கூட்டிச் சோளத்தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னண்ணே, தொரை வீட்டு அடுப்பு ஒங்கள வெளிய தள்ளிருச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்று கேட்கும்போது அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தோசைக்கல் சதுரமாக இருந்தது. நாலு மூலையும் மழுங்கி, ஒரு மூலையில் கை பிடிக்க ஒரு வால். லைனில் அதை வால்கல் என்பார்கள். அதில் சுட்ட தோசையும் சதுரமாகத்தான் வரும். மூலைத் தோசை என்று அதற்குப் பெயர். மூலைகள் முறுகலாக வரும் என்பதால் பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கும். வால் இருக்கிற மூலையில் மட்டும் சூடு வால் வழியாக இறங்கிவிடுமோ என்னவோ, அந்த மூலை மெத்தென்று இருக்கும். அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

"பல்லுப் போன அண்ணனுக்கு வால் மூலை" என்று சொல்லி விருமாயி அதைப் பிய்த்து என் இலையில் போட்டாள். காந்தாரி மிளகாய்த் துவையல். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்தான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரையின் சாப்பாடு முடிந்ததும் லைனுக்கு இறங்கிவிடுவேன். சாயங்காலத் தேநீருக்குள் ஏறிவிடுவேன். பங்களாவில் மீந்த ரொட்டியைக் கொண்டுபோவேன். பிள்ளைகள் அதைப் பல்லில் கடித்து இழுத்து விளையாடுவார்கள். சடையன் பேச்சுக்காரன். எந்த மாடு எந்த வளைவில் நின்று முரண்டு பிடித்தது என்பதை மணிக்கணக்காகச் சொல்வான். விருமாயி அதிகம் பேச மாட்டாள். பேசினால் குத்தும். ஒரு வாரம் நான் வரவில்லை என்றால் அடுத்த வாரம், "வால் மூலைய நாய் தின்னுட்டுப் போயிருச்சு" என்பாள்.

மூன்று கல் அடுப்பைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அது அடுப்பே இல்லை என்பார்கள். காற்று அடித்தால் தீ சாயும், மழை பெய்தால் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் புகையோடு குடித்தனம் நடத்த வேண்டும். அது எல்லாம் உண்மை. ஆனால் விருமாயி அதில் கட்டையை ஒரு விரல் இழுப்பாள், ஒரு விரல் தள்ளுவாள். தோசை ஒன்று போல வரும். அவள் கைதான் அந்த அடுப்புக்குக் கட்டுப்பாடு. என் இரும்படுப்புக்கு அப்படி ஒன்று இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியதுண்டு. அது எங்கே போயிற்று என்று தோன்றவில்லை.

பல மழைக்காலம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு சனிக்கிழமை, துரையின் அக்காள் மகன் ஒருவன் மலைக்கு வந்திருந்தான். இளவயது, இயந்திர வேலை தெரிந்தவன், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். அடுப்பு கத்துவதைக் கேட்டுவிட்டுக் குசினிக்குள் நுழைந்தான். கோட்டைக் கழற்றிப் போட்டுத் தரையில் படுத்துப் பார்த்தான். புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தான். பேனாக்கத்தியால் கொத்தனாரின் காரையைச் சுரண்டினான். கீற்று வாய் திறந்தது. துரையைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் சொன்னான். பிறகு எனக்குப் புரியட்டும் என்று ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் படம் போட்டான். அந்த வாயில் ஒரு தகடு இருக்க வேண்டும். அதை உள்ளே தள்ளினால் குழாய் பாதி அடையும், சூடு அடுப்பிலேயே தங்கும். வெளியே இழுத்தால் தீ எழும்பும். இதுதான் அந்தத் தகடு என்று காட்டினான்.

சதுரம். நாலு மூலையும் மழுங்கல். ஒரு மூலையில் வால்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். துரை கணக்கப்பிள்ளையை வரச் சொன்னார். தோட்டத்தில் கூலியாட்கள் துரையைவிட அவருக்குத்தான் பயப்படுவார்கள். வந்தவர் படத்தைக் குனிந்து பார்த்தார். "லைன்ல எவனாச்சும் கெளப்பிருப்பான் தொரை. நாளன்னிக்கிப் பெரட்டுல எல்லாத்தையும் நிறுத்தி வச்சுட்டு வீடு வீடாப் பாத்துருவோம். எவன் வீட்டுல இருக்கோ அவனுக்கு வெலங்கு. குடும்பத்தோட கீழ எறக்கிருவோம்" என்றார். பெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணும் இடம். துரை தலையசைத்தார். கணக்கப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரையாவது கீழே இறக்கி நாளாகிவிட்டிருந்தது அவருக்கு.

அவர் போன பிறகு தரையைக் கழுவுகிற சாக்கில் அந்தப் படத்தை அழித்தேன்.

மறுநாள் ஞாயிறு. வழக்கமான நேரத்துக்கு இறங்கினேன். விருமாயி வழக்கம் போல வாசலில் தோசை சுட்டாள். மாவு கல்லில் விழுந்து சதுரமாகப் பரவியது. வால் மூலையைப் பிய்த்து இலையில் போட்டாள். தின்றேன். இன்னொன்று போட்டாள். அதையும் தின்றேன். கையைக் கழுவிவிட்டு, பிள்ளைகளை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

சடையனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றான். "அண்ணே, நான் களவாங்கலண்ணே. பொதிய எறக்கயில சாக்குலருந்து இது தனியா விழுந்துச்சு. கங்காணி கிட்டக் கேட்டேன். 'தோசக்கல்லாட்டம் இருக்குடா, தொரை எங்க தோசை திங்கப் போறாரு, நீ எடுத்துட்டுப் போ'ன்னாரு. அடுப்போட தோசக்கல்லும் சேத்து அனுப்பிருக்காய்ங்கன்னு நெனச்சேன்."

"கங்காணி செத்துப் போயிட்டாரேடா."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இரும்பு, சதுரமோ வட்டமோ, தட்டையாக இருக்கிறது, பிடிக்க வால் இருக்கிறது, அடுப்போடு வந்திருக்கிறது. தோசைக்கல் இல்லாமல் வேறு என்ன? போடியில் யாரிடம் காட்டினாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானே அத்தனை வருஷம் அதில் தின்றேனே, எனக்குத் தோன்றியதா? ஆனால் கணக்கப்பிள்ளையிடம் இதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

விருமாயி கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

அதுவரை அவள் என்னை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறாள்.

"நேத்துத்தான் தெரியும் ஆத்தா."

"நேத்துத் தெரிஞ்ச ஆளு நேத்தே வரணும். தின்னு கையக் கழுவிட்டா சொல்லுவே?"

தெரிந்த உடனே ஓடி வந்திருந்தால் கணக்கப்பிள்ளையின் கண்ணில் பட்டிருப்பேன், அதனால்தான் வழக்கமான நேரத்துக்கு வந்தேன் என்றேன். அது உண்மை. ஆனால் சொல்லும்போது பொய் மாதிரிதான் இருந்தது. தின்றதற்குக் காரணம் அது இல்லை. இதைச் சொன்ன பிறகு அந்த வாசலில் தின்ன முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கல்லை என்னிடம் கொடுங்கள், சேணக் கொட்டகையில் பழைய சாக்குக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். சடையன் தலையை ஆட்டினான். விருமாயி ஒத்துக்கொள்ளவில்லை. "லைன் முச்சூடும் மூலைத் தோசை தெரியும். எந்தப் புள்ளையக் கேட்டாலும் சொல்லிரும். நீ குடுத்தாலும் களவாணிப் பேரு எங்களுக்குத்தான்" என்றாள். பிறகு, "நீ ஏறிப் போ. தொரைக்குத் தேத்தண்ணி நேரமாச்சு" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அது.

மறுநாள் விடியுமுன் குசினியின் பின்கதவைத் திறந்தேன். படியில் ஈரச் சாக்கில் சுற்றிக் கல் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள். ஆனால் அத்தனை வருஷத்து எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போகுமா? மை மாதிரி ஏறிப் படிந்திருந்தது. லைனில் கடைசி வீடு பூட்டாமல் கிடந்தது என்று அப்புறம் பெருக்குகிறவள் வந்து சொன்னாள். தோட்டத்து மாடுகளைக் கொட்டகையில் கட்டிவிட்டு, பிள்ளைகளையும் சட்டிபானைகளையும் தூக்கிக்கொண்டு கால்நடையாகவே மெட்டு இறங்கிவிட்டார்கள்.

நான் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் அந்தக் கீற்று வாயில் கல்லின் விளிம்பை வைத்து அழுத்தினேன். சுரண்டவும் இல்லை, ராவவும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வால் மட்டும் வெளியே நின்றது. தீ வைத்தேன். கட்டை பிடித்ததும் வழக்கம் போல ஓவென்று கத்தத் தொடங்கியது. வாலைப் பிடித்துப் பாதி தள்ளினேன்.

சத்தம் நின்றுவிட்டது.

அந்தக் குசினியில் அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. மேல் தகடு சூடேறியது. கெட்டில் கொதித்தது. குழாய்க்குள் இருந்த கல்லும் சூடேறி, அதில் ஊறியிருந்த எண்ணெய் பொரியத் தொடங்கியது. வீடு முழுக்கத் தோசை வாசனை. பங்களாவின் சாப்பாட்டு அறை, நீண்ட மேசை, புத்தக அலமாரி எங்கும் சோளத்தோசை வாசனை.

துரை குசினி வாசலுக்கு வந்தார். அன்று சனிக்கிழமை இல்லை. கணக்கப்பிள்ளை அவருக்குப் பின்னால் நின்றார். தகடு எங்கே கிடைத்தது என்று துரை கேட்டார். சேணக் கொட்டகையில் என்றேன். கணக்கப்பிள்ளை, சடையன் குடும்பத்தோடு ஓடிவிட்டான், ஓடினவன்தான் திருடன், ஆளை அனுப்பி மறிக்கலாம் என்று துடித்தார். துரை நேரே அடுப்பிடம் வந்தார். வாலுக்கு நேரே குனிந்து மூச்சை இழுத்தார்.

"தோசை" என்றார்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம், "சாமான் கெடச்சிருச்சு. போ, சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தார். கோப்பையில் கரண்டி தட்டியது.

அவர் நல்லவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆளை அனுப்பி மறிக்காமல் விட்டார், அவ்வளவுதான். திரும்பி வரச் சொல் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் முந்தல் வரைக்கும் ஓடி அவர்களைக் கூட்டிவந்திருப்பேன். அந்த மனிதருக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பேசிப் பழக்கமில்லை. பேசாமல் இருப்பதையும் பெரிய குணம் என்று சில பேர் சொல்வார்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாதவனோடு நான் வெகுகாலம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

மத்தியானத்துக்குள் எண்ணெய் முழுக்க எரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த அடுப்பில் தோசை வாசனை வரவே இல்லை.

மாப்பிள்ளை கேட்டதற்காகச் சொல்கிறேன். தகடு சேர்ந்த பிறகு அதைப் போல ஓர் அடுப்பை நான் பார்த்ததில்லை. விறகு பாதி ஆகிவிட்டது. ரொட்டி நாலா பக்கமும் ஒரே நிறத்தில் உப்பி வந்தது. ஒரு கண்ணில் சூப்பு கொதிக்கும், அடுத்த கண்ணில் பால் பொங்காமல் நிற்கும். ஆடிக் காற்றில் புகை திரும்பவில்லை. துரை கரண்டியைக் குப்புற வைப்பதை விட்டுவிட்டார். நான் திட்டுவதையும் விட்டுவிட்டேன். திட்ட ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரொட்டி தின்பேன். காலையும் மாலையும் அந்த வாலைப் பிடித்துத்தான் தள்ள வேண்டும், இழுக்க வேண்டும். வேறு வழியில்லை.

ரொம்ப வருஷம் கழித்துத் தேவாரம் சந்தையில் சடையனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. வேறு யாருடைய மாடுகளையோ பிடித்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, உடனே அடங்கிவிட்டது. "நல்லாருக்கீகளாண்ணே" என்றான். பிள்ளைகள் ராசிங்காபுரத்தில் காடு கரை பார்த்துக்கொண்டு சம்சாரித்தனத்தில் இருக்கிறார்கள் என்றான். விருமாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இருக்கா என்றான்.

"இப்ப எதுலடா தோசை சுடுறா?"

"மண்ணோட்டுலதாண்ணே. வட்டமா வருது" என்றான். சிரிக்கப் பார்த்தான். பிறகு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வெரசாப் போகணும் என்று கயிற்றை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சந்தையிலிருந்து அவன் வீடு எவ்வளவு தூரம் என்றுகூட எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வாங்கண்ணே என்று அவன் சொல்லவில்லை.

துரை சீமைக்குப் போன பிறகு நான் மலையை விட்டு இறங்கினேன். இப்போது போடியில், சந்தைக்குப் பின்னால், ஒற்றை அறையில் இருக்கிறேன். செல்லத்தாயி கூப்பிடுகிறாள், நான்தான் போகவில்லை. யார் வீட்டு வாசலிலும் போய் உட்கார்ந்து பழகிக்கொள்ளும் வயசு போய்விட்டது.

ஆக, எந்த அடுப்பு? ஆள் நிறைய இருக்கிற வீட்டுக்குக் கொடி அடுப்பு போதும், கூரையைப் பிரித்துப் புகை போக ஒரு வழி விடுங்கள், அதைக்கூடச் செய்யாதவன் பித்தளை அடுப்பு வாங்க வேண்டாம். இரும்படுப்பு நம் ஊருக்கு ஆகாது. கரியடுப்பைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எரியுங்கள். பம்பு அடுப்பு வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விறகுத் தீயில் தண்ணீர் தெளித்துப் பழகிய கை, எண்ணெய் வழிந்து பற்றிக்கொண்டாலும் செம்பைத்தான் தேடும். தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரோடு ஓடும். மணலோ ஈரச் சாக்கோதான் போட வேண்டும். பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை நிறுத்த வேண்டுமென்றால் ஊதக் கூடாது, திருகைத் திறந்து காற்றை விட்டுவிட வேண்டும்.

நானும் ஒரு பம்பு அடுப்பு வாங்கிவிட்டேன். மாப்பிள்ளைக்கு ஆச்சரியம். இத்தனை குறை சொல்கிற ஆள் எப்படி வாங்கினார் என்று. அது எரியும்போது ஓவென்று கத்துகிறது, அதனால் வாங்கினேன். கடை வாசலில் அதைப் பற்றவைத்துக் காட்டியபோது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நின்றேன். தகடு இல்லாத காலத்தில் என் அடுப்பு அப்படித்தான் கத்தும்.

சோறு பொங்கியதும் நான் அதை நிறுத்துவதில்லை. பக்கத்தில் எரியவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். தின்று கையைக் கழுவிய பிறகுதான் காற்றைத் திறந்துவிடுகிறேன். மண்ணெண்ணெய் வீணாகிறது என்று மாப்பிள்ளை சொல்கிறான். வீணாகத்தான் ஆகிறது.